கடலடியில் குழி விழுந்த கல்யாணம்

கடலடியில் குடியிருந்தவர்களுக்கு வாயும் வம்பும் நிறைய இருந்த அந்தக் காலத்தில், கரையோரக் கடலின் தரையில் பெயருக்கு ஒரு குழிகூடக் கிடையாது. கரையில் தொடங்கி, ஆழக்கடல் சரிந்து இறங்குகிற விளிம்பு வரைக்கும் மெழுகிவிட்ட தரை மாதிரி சமமாகக் கிடந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்த இடத்துக்குக் கண்டத்திட்டு என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ‘நம்ம தரை’ என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வந்த பெருமை இருக்கிறதே, வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அதற்கும் முந்தி அது கடலே இல்லை. காடாகவும் சதுப்பாகவும் இருந்தது. கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மரம், வேர், சருகு, நாணல் என்று இருந்தது இருந்தபடி அடியில் போயிற்று. மேலே சேறு படிந்தது. அடியில் போனது சும்மா கிடக்குமா? அழுகியது. அழுகியது மூச்சுவிட்டது. அந்த மூச்சு சேற்றைத் துளைத்துக்கொண்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழியிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழ்மூச்சு என்று பெயர். கூமுட்டை உடைந்த நாற்றம் அடிக்கும். மற்றபடி அது யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

ஆனால் நாற்றத்தைத்தான் அந்த ஊர்க்காரர்களால் சகிக்க முடியவில்லை. ஒரு வீட்டு வாசலில் குமிழி எழும்பிவிட்டால் போதும், “அவங்க வாசல் நாறுது” என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். அதனால் நீரோட்டம் திரும்புகிற நேரமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் வெளியே வந்து, சேற்றை எடுத்து, தன் உடம்பு வழவழப்பைக் கலந்து பிசைந்து, வாசலில் இருக்கிற ஓட்டையை அடைத்துவிட வேண்டும். அதற்குப் பூச்சு வேலை என்று பெயர். ஊர்ப் பெரியவர் கவட்டையார், கிழட்டு நண்டு, பக்கவாட்டில் நடந்துகொண்டே ஒவ்வொரு வாசலையும் கொடுக்கால் தட்டிப் பார்ப்பார். ஒரு குமிழி வந்தால் அன்றைக்கு அந்த வீட்டுக்காரருக்கு நல்ல பூசை கிடைக்கும். போகப் போக ஊரில் ஓர் ஓட்டைகூட இல்லாமல் போயிற்று. எல்லாருக்கும் பரம திருப்தி.

அப்போதுதான் அகலி வந்து சேர்ந்தாள்.

அகலி ஒரு திருக்கை. அகலமான உடம்பு, அதைவிட அகலமான மனசு, வாய் மட்டும் கொஞ்சம் சின்னது. புருஷன், ஆழம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். இப்போது அவளுக்கு நிறைமாதம். திருக்கை குட்டி போடுகிற இனம். அதிலும் கண்ட இடத்தில் போட முடியாது. தாய் தன்னை எந்த இடத்தில் பெற்றாளோ அதே இடத்தில்தான் மகளும் பெற வேண்டும். அந்த இடத்துக்குப் பேற்றுத்தரை என்று பெயர். அங்கே பிறந்தால்தான் குட்டியை ஊர் தன் குட்டியாக எடுத்துக்கொள்ளும். சுறா எந்த வழியாக வரும், எந்தச் சேற்றுக்குள் புதைந்து ஒளியலாம், மட்டி எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கும். வேறு இடத்தில் பிறந்த குட்டிக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அகலியின் தங்கை ஒருத்தி வலி பொறுக்காமல் வழியிலேயே பெற்றாள். அந்தக் குட்டிகளில் ஒன்றைக்கூட அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அதனால்தான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நீந்தி வந்திருந்தாள் அகலி. அவளுடைய பேற்றுத்தரை கவட்டையார் வீட்டுக்கு அடுத்தாற்போல இருந்தது. வந்ததும் அப்பாடா என்று படுத்தாள். படுத்த வேகத்தில் எழுந்தாள். கொஞ்சம் தள்ளிப் படுத்தாள். அங்கேயும் இருக்க முடியவில்லை. திரும்பிப் படுத்தாள், சிறகை மடக்கிப் படுத்தாள், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து படுத்தாள். ஒன்றும் உதவவில்லை.

பக்கத்துச் சேற்றில் குடியிருந்த நாக்குமீன் ஒருக்களிச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்ப்பதற்கென்றே இரண்டு கண்ணையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறவள்.

“என்ன மதினி, வந்ததுல இருந்து நிலைகொள்ளாம அலையுறீங்க?”

“தரை அடிக்குதுட்டி.”

“தரை எங்கயாவது அடிக்குமா? குட்டி உதைக்கும். அதப் போயி தரைங்கிறீங்க.”

“எனக்கு இது தலைப்பேறா என்ன? குட்டி உள்ள இருந்து வெளிய உதைக்கும். இது வெளிய இருந்து உள்ள உதைக்குது. எனக்கு வித்தியாசம் தெரியாதா?”

“எனக்கு ஒண்ணும் தெரியலயே மதினி.”

“நீ ஒருச்சாய்ச்சுக் கிடக்கிறவ. என்ன மாதிரி வயித்த வச்சுப் படுத்துப் பாரு.”

“நல்லாச் சொன்னீங்க. நான் என்னைக்கு வயித்த வச்சுப் படுத்தேன்?” என்று சிரித்துவிட்டு ஒருக்களிச்சி மறுபடி சேற்றுக்குள் புதைந்துகொண்டாள். அகலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

பயப்படக் காரணமும் இருந்தது. அவளுடைய பேற்றுத்தரை மேடாகிக்கொண்டே வந்தது. முதலில் அவள் மட்டும்தான் கவனித்தாள். பிறகு ஊரே கவனித்தது. கவனித்து என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? கொண்டாடினார்கள். கிழக்கே இருக்கிற தரையிலும் மேடு இல்லை, மேற்கே இருக்கிற தரையிலும் மேடு இல்லை, நம்ம தரையில் மட்டும் மேடு எழும்புகிறது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டி வந்து காட்டினார்கள். கவட்டையார் தன் மகளின் கல்யாணத்தை அந்த மேட்டில்தான் நடத்துவது என்று முடிவே செய்துவிட்டார்.

அகலி அவரைத் தேடிப் போனாள். அவர் மும்முரமாகப் பூச்சு வேலையில் இருந்தார்.

“மாமா, ஒரு வார்த்தை.”

“சொல்லு தாயி.”

“கீழ மூச்சு அடைஞ்சு நிக்குது மாமா. போக வழியில்லாம முட்டுது. நம்மதான ஓட்டை பூராவும் அடைச்சு வச்சிருக்கோம். ஒண்ணு ரெண்டத் திறந்து விடுங்க. இல்லாட்டி ஏதாவது ஆகிப்போயிரும்.”

கவட்டையாரின் கண் இரண்டும் காம்போடு நிமிர்ந்தன. “திறந்து விடவா? சம்பந்தி வீட்டு ஆளுக வந்து இறங்குற நேரத்துல என் வாசல் நாறணும்ங்கிறியா? அப்புறம் நான் எந்த மூக்க வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்?”

நண்டுக்கு ஏது மூக்கு என்று நீங்கள் கேட்கலாம். கௌரவம் இருக்கிறவர்களுக்கு மூக்கும் இருந்துவிடுகிறது.

“மேடு எதனால எழும்புதுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா மாமா?”

“பாக்காம என்ன? எங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து இந்தத் தரைய மெழுகி மெழுகி வச்சிருக்கோம். அதுக்கே நம்ம மேல பிரியம் வந்து, எம் மக கல்யாணத்துக்கு மேடை கட்டிக் குடுக்குது. நீ பிள்ளத்தாச்சி. கண்டதையும் நெனச்சு மனசக் குழப்பிக்காம போயிப் படு தாயி.”

படு என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கே படுப்பது? அகலி திரும்பி வந்து மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒட்டி வைத்தால் வயிற்றில் அடிக்கிறது. விட்டு விலகினால் மனசு அடிக்கிறது. வேறு தரையில் போய்ப் பெற்றுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே தங்கையின் குட்டிகள் நினைவும் வந்தது. கடைசியில், ஆனது ஆகட்டும் என்று மேட்டின் உச்சிக்குப் போய் இரண்டு சிறகையும் தரையில் வைத்துப் படபடவென்று அடித்தாள். சேறு கலங்கி எழும்பியது. இன்னும் அடித்தாள். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி, பூச்சு மேல் பூச்சாக ஏறிக் கிடந்த சேற்றைக் கரைத்தாள். சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியே குமிழிகள் சரசரவென்று கிளம்பின.

தரை அடிப்பது கொஞ்சம் தணிந்தது. ஓட்டைக்குப் பக்கத்திலேயே வயிற்றை வைத்தாள். வந்த நாளாகக் கிடைக்காத சுகம் அது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். தூங்கியதுதான் தப்பாகப் போயிற்று.

ஏனென்றால் அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். நாற்றம் அவர்களை எதிர்கொண்டு அழைத்தது. மாப்பிள்ளையின் தாய் அங்கேயே நின்றுவிட்டாள். “என்ன அண்ணாச்சி, உங்க தரை இப்படி நாறுது?” என்று கேட்டாள். கவட்டையாருக்கு உயிரே போய்விட்டது.

அகலி கண் விழித்தபோது ஊரே சுற்றி நின்றது. துரத்த வேண்டும் என்று பாதிப்பேர் சொன்னார்கள். நிறைமாதக்காரியை எப்படித் துரத்துவது என்று மீதிப்பேர் இழுத்தார்கள். கவட்டையார் இரண்டு கொடுக்கையும் தூக்கினார். கூட்டம் அடங்கியது.

“சேறு பூசி அது இறுகுறதுக்கு இப்ப நேரமில்ல. நீ திறந்தத நீயே மூடு. கல்யாணம் முடியிற வரைக்கும் உன் வயித்த வச்சு இந்த ஓட்டைய அடைச்சுக்கிட்டுக் கிட. முடிஞ்சதும் இங்கனயே பெத்துக்க, ஊரு கூட நிக்கும். இடையில எந்திரிச்ச, உன் குட்டிக இந்தத் தரைக்கு ஆகாது.”

அகலி வாதாடிப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை. குட்டிகளை நினைத்தாள். சரி என்று படுத்தாள்.

கல்யாணம் தொடங்கியது. கொடுக்கைச் சொடுக்குகிற இறால்கள் மேளத்துக்கு நின்றன. அண்டை அயல் தரையெல்லாம் திரண்டு வந்து மேட்டில் ஏறியது. இடம் போதாமல் ஒன்றிரண்டு பேர் அகலியின் சிறகு மேலேயே ஏறி நின்றுகொண்டார்கள். “பந்திக்கு யாரோ பாய் விரிச்சிருக்காங்க” என்று ஒரு சம்பந்தி நண்டு சொல்ல, அதைச் சுற்றி ஒரே சிரிப்பு.

அகலி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வயிற்றுக்குக் கீழே தரை முதலில் விட்டு விட்டு அடித்தது. அப்புறம் அடிப்பது நின்றது. நின்றதே, அப்பாடா என்று நினைப்பதற்குள் வேறொன்று தெரிந்தது. இப்போது அது அடிக்கவில்லை. விடாமல் தள்ளுகிறது. யாரோ கீழே இருந்து முதுகை வைத்து நெம்புவது போல ஒரே சீராகத் தள்ளுகிறது. மேடு மொத்தமும் மெல்ல மெல்ல நடுங்கத் தொடங்கியது. மேளச் சத்தத்தில் அது வேறு யாருக்கும் தெரியவில்லை.

“ஏட்டி ஒருக்களிச்சி, இங்க வா.”

“என்ன மதினி, வலி எடுத்திருச்சா?”

“தரை தெறிக்கப் போகுதுட்டி. எல்லாரையும் இறங்கச் சொல்லு.”

“பந்தி போடப் போற நேரத்துல யாரு மதினி இறங்குவா? சொன்னா என்னையுமில்ல ஏசுவாக.”

ஒருக்களிச்சி சொன்னது உண்மைதான். அகலி கூட்டத்தைப் பார்த்தாள். அவள் சிறகில் ஏறி மிதித்தவர்களும் அதில் இருந்தார்கள், அவளுடைய தாயோடு பழகியவர்களும் இருந்தார்கள், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பொடிசுகளும் இருந்தார்கள். ஆபத்து என்று சொன்னால் இவர்கள் ஓட மாட்டார்கள். நாற்றத்துக்குத்தான் ஓடுவார்கள். வாசல் நாறக் கூடாது என்று உயிரைக் கொடுத்து ஓட்டையை அடைக்கிற கூட்டம், நாறினால் அங்கே நிற்குமா?

எந்திரித்தால் குட்டிகளுக்குத் தரை இல்லை. எந்திரிக்காவிட்டால் குட்டிகளே இல்லை, ஊரும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தது எதற்கு, இவ்வளவு மிதி வாங்கிக்கொண்டு கிடந்தது எதற்கு? எல்லாம் ஒரு நொடியில் போகப் போகிறது. அவள் இடது சிறகின் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கினாள்.

அடைந்து கிடந்த மூச்சு சீறிக்கொண்டு வந்தது. இதுவரை அந்த ஊர் கண்ட நாற்றமெல்லாம் நாற்றமே இல்லை. மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தாய் முதலில் ஓடினாள், மாப்பிள்ளை அவள் பின்னால் ஓடினான், மணப்பெண் கூச்சத்தை விட்டுவிட்டு அவனையும் முந்தினாள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, பந்தி, பாத்திரம் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்கள். அகலி மீதி உடம்பால் ஓட்டையை அமுக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டபடி கிடந்தாள்.

கவட்டையார் மட்டும் போகாமல் அவள் எதிரில் நின்றார். அவமானத்தில் அவர் ஓடு வெளுத்திருந்தது.

“என் குடியக் கெடுத்திட்டியே. உன் குட்டிகளுக்கு இந்தத் தரையில இடம் கிடையாது. சொல்லிட்டேன்.”

“இல்லாட்டிப் போகுது மாமா. நீங்க மொதல்ல கீழ இறங்குங்க.”

அவர் இறங்கினார். நாற்றம் அவரையும் விடவில்லை. மேட்டில் மிச்சம் இருந்தது சுருளாயி என்கிற கிழட்டுச் சங்கு ஒருத்தி. ஓடத்தான் பார்த்தாள், அவளால் ஊர்ந்துதான் போக முடியும். அவள் விளிம்புக்குப் போய்ச் சேருவதற்குள் பொழுது விடிந்து அடைந்துவிடும். அகலிக்குக் கீழே தள்ளுவது கூடிக்கொண்டே வந்தது. இனி அவளால் தாங்க முடியாது. அப்போது சேற்றோடு சேறாக ஒட்டிக்கொண்டு ஒருக்களிச்சி திரும்பி வந்தாள். சுருளாயியை முட்டித் தள்ளிச் சரிவில் உருட்டிவிட்டாள், உருண்ட சங்குக்குப் பின்னால் தானும் ஓடினாள்.

அகலி சிறகை விரித்து எழும்பினாள்.

தரை வெடித்தது. பாட்டன் பூட்டன் காலத்துப் பூச்சு அத்தனையும் ஒரே பாளமாகக் கிளம்பிச் சிதறியது. கல்யாண மேடை, பந்தி, பேற்றுத்தரை எல்லாம் சேறாகி மேலே போயின. அகலியை அந்த மூச்சு தூக்கி எறிந்ததில் அவள் கடலின் மேல்மட்டம் வரைக்கும் போய், வெயிலில் ஒரு நொடி கண் கூசி, மறுபடி கலங்கலுக்குள் விழுந்தாள். மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. வயிற்றை மட்டும் சிறகால் பொத்திக்கொண்டாள்.

கலங்கல் தெளிய வெகுநேரம் ஆயிற்று. தெளிந்ததும் ஊர் வந்து பார்த்தது. மேடு இருந்த இடத்தில் வட்டமாகப் பெரிய குழி. அதன் அடியிலிருந்து குமிழிகள் வரிசை வரிசையாக, நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தன. மேட்டில் நின்றிருந்தால் நாம் என்ன ஆகியிருப்போம் என்று எல்லாருக்கும் புரிந்தது. புரிந்ததை ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

அகலி சிறகு கிழிந்து விளிம்பில் வந்து விழுந்தாள். அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

கவட்டையார் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “ஊருக்கு முன்னால சொன்ன சொல்லு. மாத்த முடியாது. உன் குட்டிக தரைக்கு ஆகாது.”

“அவ இல்லாட்டி நீங்க இந்தச் சொல்லச் சொல்ல இருந்திருப்பீகளா?” என்று கேட்டாள் ஒருக்களிச்சி. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

அகலி குழியைப் பார்த்தாள். “விடுட்டி. நான் தரையில பெறல. என் ஆத்தா என்னப் பெத்த இடம் இதுதான? தரைதான் போச்சு. இடம் இருக்கு.”

சொல்லிவிட்டு விளிம்பிலிருந்து சரிந்து உள்ளே இறங்கினாள். தடுக்க யாருக்கும் வழியில்லை. ஊரின் சட்டம் தரைக்குத்தான், குழிக்கு இல்லை. நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் விளிம்பைத் தாண்டவும் இல்லை. அந்த வழியாக வந்த சுறாவும் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. குழியின் அடியில் வயிற்றை வைத்துப் படுத்தாள் அகலி. தரை அடிக்கவில்லை. அங்கேதான் குட்டிகளைப் பெற்றாள். ஒருக்களிச்சி விளிம்பில் கிடந்தபடி, சுறா வரும் வழியையும் மட்டி கிடைக்கும் இடத்தையும் அந்தக் குட்டிகளுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குட்டிகள் குழியில் கண் திறந்தன, குழியிலேயே வளர்ந்தன. பெரிதாகி மேலே வந்து சமதரையில் படுத்துப் பார்த்தபோது அவற்றுக்குத் தூக்கம் வரவில்லை. புரண்டன, எழுந்தன, மறுபடி படுத்தன. பிறகு சிறகால் படபடவென்று அடித்து மண்ணைக் கிளறி, ஆளுக்கொரு பள்ளம் பறித்து, அதற்குள் அடங்கிய பிறகுதான் தூங்கின. கவட்டையாரின் வம்சம் மட்டும் திருந்தவில்லை. இன்றைக்கும் நீர் ஏறும்போது நண்டு தன் வாசலைச் சேற்றால் அடைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. சேறும் படிந்துகொண்டேதான் இருக்கிறது, கீழ்மூச்சும் முட்டிக்கொண்டேதான் இருக்கிறது. எங்காவது தரை மேடு தட்டினால் மீன்கள் விலகி நிற்கும். அது வெடித்துக் குழியான பிறகு பேசாமல் வந்து அதற்குள் குடியேறும்.

கரையோரக் கடலடியில் வட்ட வட்டமாகக் குழிகள் விழத் தொடங்கியதும், எந்தத் திருக்கையும் முதலில் ஒரு குழி பறிக்காமல் கண்ணயராததும், அகலி சிறகைத் தூக்கிய அன்றிலிருந்துதான்.